வேலை போன பிறகு முதல் 90 நாட்கள்: எதை முதலில் செய்வது, எங்கே ஏமாறக்கூடாது

என்னை வேலையிலிருந்து அனுப்பிய கூட்டம் பதினோரு நிமிடம் நடந்தது. முடிந்த அரை மணி நேரத்தில் லேப்டாப் பூட்டிக்கொண்டது, அலுவலக மெயில் திறக்கவில்லை, பதினான்கு வருடம் பழகிய ஆட்களின் பெயர்கள் இருந்த சாட் பட்டியல் காணாமல் போனது. மறுநாள் காலை 8.45க்கு, தினசரிக் கூட்டத்துக்காக நான் வைத்திருந்த அலாரம் வழக்கம்போல அடித்தது. அதை நிறுத்தக்கூடக் கை போகாமல், தானாக அடங்கும் வரை ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதங்களில் நான் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் தெரியாமல் செய்தவை. யாராவது முன்பே சொல்லியிருந்தால் தவிர்த்திருப்பேன். "தைரியமா இரு, நல்லதே நடக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள், அன்போடுதான் சொன்னார்கள், ஆனால் மறுநாள் காலை எழுந்து எதைச் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு மனத்தெம்பு திரும்பி வந்தது ஒவ்வொரு சின்ன வேலையும் முடிந்த பிறகுதான். ஒரு கடிதம் கைக்கு வந்தது, ஒரு கணக்கு தெளிவானது, ஒரு ஃபோன் பேசி முடித்தேன், அப்படி. அதனால் இதை வேலைகளின் வரிசையாகவே எழுதுகிறேன்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பந்தம் மாறும். உங்கள் ஊர்ச் சட்டத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வரிசை எங்கேயும் ஏறக்குறைய இதுதான்.

1. முதல் நாள்: எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

கூட்டத்திலேயே ஒரு காகிதத்தை நீட்டுவார்கள், அல்லது மெயிலில் ஒரு இணைப்பு வரும். "இது வெறும் நடைமுறைதான், இன்றைக்கே முடித்துவிடலாம்" என்பார்கள். அந்த நேரத்தில் காது அடைத்துப்போயிருக்கும், படித்தாலும் மண்டையில் ஏறாது. "படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், எப்போதுக்குள் வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நகல் ஒன்றை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது சங்கடமான வேலை, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருக்கும், அதற்காக நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் படிக்கும்போது இவற்றைத் தேடுங்கள். நீங்களாக ராஜினாமா செய்ததாக எழுதியிருக்கிறதா, நிறுவனம் அனுப்பியதாக எழுதியிருக்கிறதா? இந்த ஒரு சொல் மிக முக்கியம். வேலையில்லாதோருக்கு அரசு உதவித்தொகை தரும் நாடுகள் பலவற்றில், தானாக விலகியவருக்கு அது கிடைக்காது அல்லது தாமதமாகும். இழப்பீட்டுத் தொகையும் சில இடங்களில் இதைப் பொறுத்தே அமையும். "ராஜினாமா என்று போட்டால் உங்கள் பெயருக்கு நல்லது" என்று யாராவது சொன்னால், உங்களுக்கு என்ன போகும் என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது தேதிகள். கடைசி வேலை நாள் எது, சம்பளம் எந்தத் தேதி வரை, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை. இந்த மூன்றும் ஒரே தேதியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம் நோட்டீஸ் பீரியட் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், வர வேண்டிய போனஸ், சேரும்போது கொடுத்த போனஸைத் திருப்பிக் கேட்கிறார்களா என்பது. நிறுவனப் பங்குகள் வாங்கும் உரிமை கொடுத்திருந்தால், விலகிய பிறகு அதைப் பயன்படுத்தக் கெடு இருக்கும். 90 நாள் என்பது பல நிறுவனங்களில் வழக்கம், உங்களுடையதில் எவ்வளவு என்று பாருங்கள். கடைசியாக, போட்டி நிறுவனத்தில் இத்தனை மாதம் சேரக்கூடாது, இனி எந்த வழக்கும் போட மாட்டேன் போன்ற வரிகள். இவை இருந்தால், தொகையும் பெரியது என்றால், ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்துப் பேசுங்கள். அது வீண் செலவே இல்லை.

2. முதல் வாரம்: காகிதங்களைச் சேர்த்துவிடுங்கள்

இதை இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், நான் பட்டது இங்கேதான்.

என் சம்பளச் சீட்டுகள் எல்லாம் நிறுவனத்தின் தளத்தில் இருந்தன. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பதினான்கு வருடமும் இருந்துவிட்டேன். மெயில் மூடிய அன்றே அந்தத் தளமும் மூடிவிட்டது. இரண்டாவது மாதத்தில் ஓர் இடத்தில் வேலை கிட்டத்தட்ட உறுதியானபோது, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டும் ரிலீவிங் லெட்டரும் (முறையாக விலகியாகிவிட்டது என்று பழைய நிறுவனம் தரும் கடிதம்) கேட்டார்கள். பழைய நிறுவனத்தில் எனக்குத் தெரிந்த ஹெச்.ஆர். ஆளும் அதற்குள் வேலையில் இல்லை. ஒரு பொது மெயில் முகவரிக்கு எழுதி, பதில் வராமல் மறுபடி எழுதி, டிக்கெட் எண் (கோரிக்கைப் பதிவு எண்) வாங்கி, அந்த டிக்கெட்டை யாரோ மூடி, நான் மறுபடி திறந்து, ஆறு வாரம் போனது. அந்த வேலையும் போனது. நேர்காணலில் தோற்றிருந்தால் மனது ஆறியிருக்கும். ஆறு காகிதத்துக்காகப் போனது இன்றும் வலிக்கிறது.

ஆகவே உங்களுக்கு இன்னும் ஒரு நாளாவது அணுகல் இருந்தால், அன்றைக்கே இவற்றை எடுத்துச் சொந்தச் சேமிப்பில் போட்டுவிடுங்கள்:

- பணி நியமனக் கடிதம், சம்பள உயர்வு மற்றும் பதவி உயர்வுக் கடிதங்கள்
- குறைந்தது கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகள்
- வருமான வரி பிடித்ததற்கான சான்றிதழ்கள்
- மருத்துவக் காப்பீட்டு எண், யார் யார் பெயர் அதில் இருக்கிறது என்ற பக்கம்
- ஓய்வூதிய அல்லது சேமநலக் கணக்கு எண்
- ஆண்டு மதிப்பீட்டில் உங்களைப் பற்றி எழுதியவை, நிறுவனம் அனுமதிக்கும் அளவில்

வேலை முடிந்த பிறகு நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை தனி: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி செட்டில்மெண்ட், அதாவது நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய மீதிப் பணத்தின் கணக்குத் தாள். மூன்றும் எந்தத் தேதிக்குள் வரும் என்று முதல் வாரத்திலேயே மெயிலில் கேளுங்கள், அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தாண்டினால் மறுநாளே நினைவூட்டுங்கள். மரியாதையாக, சுருக்கமாக, முந்தைய மெயிலுக்கே பதிலாக. புது மெயிலாக அனுப்பினால் பழையதைப் பார்க்கவில்லை என்பார்கள்.

கடிதம் வந்ததும் பெயரின் எழுத்துகள், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி நான்கையும் சரிபாருங்கள். ஒரு தேதி மாறியிருந்தால் அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் அது உங்கள் பொய்யாகத் தெரியும்.

இரண்டு பொறிகள். ஒன்று, சேமநலக் கணக்கு, காப்பீடு, வங்கி எதிலாவது அலுவலக மெயிலோ அலுவலக சிம் எண்ணோ பதிவாகியிருந்தால் ஓ.டி.பி. இனி உங்களுக்கு வராது. இருக்கிற ஒவ்வொரு கணக்கையும் திறந்து மாற்றிவிடுங்கள். இரண்டு, கோபத்திலோ பயத்திலோ நிறுவனத்தின் கோப்புகள், நிரல்கள், வாடிக்கையாளர் பட்டியல் எதையும் நகலெடுக்காதீர்கள். நீங்களே எழுதிய நிரலாக இருந்தாலும் வேண்டாம். செட்டில்மெண்ட்டை நிறுத்தி வைக்க அவர்களுக்கு அது ஒன்றே போதும்.

லேப்டாப், அடையாள அட்டை, சாவி எதைத் திருப்பிக் கொடுத்தாலும் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டோம் என்ற ரசீதும் வாங்குங்கள். கூரியரில் அனுப்பினால் அதன் எண்ணை விடாதீர்கள்.

3. அதே வாரம்: எத்தனை மாதம் தாங்கும் என்று ஒரே தாளில் எழுதுங்கள்

நான் இதை ஐந்தாவது வாரம் வரை தள்ளிப்போட்டேன். பார்க்காமல் இருந்ததால் பயம் குறையவில்லை, இரவு இரண்டு மணிக்கு எழுப்பியது. கணக்குப் போட்டு முடித்த அன்று எண்ணிக்கை நான் நினைத்ததைவிட மோசமாக இல்லை, ஆனால் மோசமாக இருந்திருந்தாலும் அன்று தூங்கியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

கணக்கு எளிது. தாளின் ஒரு பக்கம், உடனே எடுக்கக்கூடிய பணம் மட்டும்: சேமிப்புக் கணக்கு, முறிக்கக்கூடிய வைப்பு. வர வேண்டிய செட்டில்மெண்ட்டை இதில் சேர்க்காதீர்கள், கணக்கில் விழுந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அதில் வரி பிடிப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள், சொன்ன தொகையும் வரும் தொகையும் ஒன்றாக இருக்காது. மறுபக்கம், நிறுத்த முடியாத மாதச் செலவு: வாடகை அல்லது வீட்டுக் கடன், மளிகை, மருந்து, பள்ளி, மின்சாரம், இணையம், போக்குவரத்து. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மாதங்கள் வரும்.

எல்லோரும் விடுகிற இடம், வருடத்துக்கு ஒரு முறை வரும் செலவு. காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வாகனக் காப்பீடு, சொத்து வரி. மொத்தத்தைக் கூட்டி 12ஆல் வகுத்து மாதச் செலவில் சேருங்கள். இதைச் சேர்க்காமல் எனக்கு எட்டு மாதம் என்று வந்தது, சேர்த்த பிறகு ஆறரை.

செலவைக் குறைப்பதென்றால் முதல் மாதத்திலேயே குறையுங்கள். ஐந்தாவது மாதத்தில் பாதியாகக் குறைப்பதைவிட முதல் மாதத்தில் கால் பங்கு குறைப்பது வீட்டில் எல்லோருக்கும் லேசாக இருக்கும். தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களை வங்கிக் கணக்கில் மூன்று மாதம் பின்னோக்கிப் பார்த்து நிறுத்துங்கள்.

கடன் இருந்தால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். இது மிக முக்கியம். தவணையைத் தள்ளி வைப்பதோ காலத்தை நீட்டி இ.எம்.ஐ.யைக் குறைப்பதோ, தவறாத ஆளுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். தவறிய பிறகு கேட்பவரின் கடன் மதிப்பெண் ஏற்கனவே இறங்கியிருக்கும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி ஓட்டலாம் என்று தொடங்காதீர்கள். சேமநலப் பணத்தில் கை வைப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும், முன்கூட்டி எடுத்தால் வரியோ அபராதமோ உண்டா என்று கேட்டுவிட்டு.

மருத்துவக் காப்பீடு நிறுவனத்தின் வழியாக இருந்தால், அது முடியும் தேதிக்கு முன்பே தனிநபர் காப்பீடாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இதற்குக் கெடு குறுகியதாக இருக்கும், முடிந்த பிறகு கேட்டால் புது ஆளாகத்தான் சேர்ப்பார்கள், பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் போடுவார்கள். அரசு உதவித்தொகை உண்டென்றால் அதற்கும் முதல் வாரமே விண்ணப்பியுங்கள், பல இடங்களில் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு.

4. வீட்டில் சொல்லிவிடுங்கள்

நான் மனைவியிடம் அன்றே சொன்னேன். மகளிடம் சொல்லவில்லை, ஒன்பது வயதுதானே என்று. நான்காம் நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "அப்பா, உனக்கு இன்னைக்கும் லீவா?" என்றாள். குரலில் ஏதோ தெரிந்துவிட்டிருந்தது. அன்று மாலை உட்கார வைத்துச் சொன்னேன். அவள் கேட்டது இரண்டே கேள்வி: நாம் வீடு மாற வேண்டுமா, நீ ஏதாவது தப்பு செய்தாயா. இரண்டுக்கும் இல்லை என்று சொல்ல முடிந்தது. அவள் விளையாடப் போய்விட்டாள். நான்கு நாள் நான் எதைக் காப்பாற்றினேன் என்று எனக்கே புரியவில்லை.

தினமும் அலுவலகம் போவதுபோலக் கிளம்பி எங்கோ உட்கார்ந்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மறைப்பதற்கே ஒரு முழுநேர வேலையளவு சக்தி போகும். துணையிடம் சொல்லும்போது முடிந்தால் அந்தக் கணக்குத் தாளோடு உட்காருங்கள். "வேலை போச்சு" என்று மட்டும் சொன்னால் அடுத்து என்ன என்ற பயம்தான் இருக்கும், "ஆறு மாதம் தாங்கும், இன்ன இன்னது செய்யப்போகிறேன்" என்றால் இருவரும் ஒரே பக்கம் நின்று பேசலாம். வயதான பெற்றோரிடம் எப்போது சொல்வது என்பதை உங்கள் வீட்டை அறிந்தவர் நீங்கள், நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வாயிலாக அவர்களுக்குத் தெரியக்கூடாது.

5. ஓய்வு எடுங்கள், முடியும் தேதியோடு

காகித வேலை முடிந்ததும் ஐந்து முதல் பத்து நாள் எதுவும் தேடாமல் இருங்கள். தொடங்கும் நாளும் முடியும் நாளும் முன்பே எழுதி வையுங்கள். தேதி போடாத ஓய்வு எனக்கு மூன்று வாரமாக இழுத்தது, அந்த மூன்று வாரமும் ஓய்வாகவும் இல்லை.

6. நாளுக்கு ஒரு வடிவம் கொடுங்கள்

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியெந்தால் என்று ஓர் ஊர். அங்கிருந்த நூற்பாலை மூடி, ஊரே வேலையிழந்தபோது, மரீ யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ஸைசல் என்ற ஆய்வாளர்கள் குழுவோடு போய் மக்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்த்து, 1933இல் வெளியிட்டார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், நடுநடுவே காரணமில்லாமல் நின்றார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் என் மதியங்கள் அப்படியே இருந்தன. ஒரு மெயில் அனுப்பத் திறந்த லேப்டாப் நான்கு மணிக்கும் அதே மெயிலில் நிற்கும். சோம்பேறி ஆகிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். சம்பளத்தோடு சேர்த்து வேலை நமக்கு நேர ஒழுங்கு, மனிதர்கள், ஒரு பொது நோக்கம், ஓர் அடையாளம், செய்ய ஏதோ ஒன்று இவற்றையும் கொடுத்துக்கொண்டிருந்தது என்று யாஹோடா பிறகு எழுதினார். அவை ஐந்தும் ஒரே நாளில் போனால் ஆள் தடுமாறத்தான் செய்வார்.

ஆகவே இவற்றைக் கையால் திரும்பக் கட்ட வேண்டும். நான் செய்தது இது. அந்த 8.45 அலாரத்தை நீக்கவில்லை, அதையே தொடக்க மணியாக வைத்துக்கொண்டேன். அது அடிக்கும்போது குளித்து, உடை மாற்றி, ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. 9 முதல் 12 வரை வேலை தேடல் தொடர்பான வேலை, அதுவும் 25 நிமிடம் செய்து 5 நிமிடம் எழுந்து நடப்பது என்ற கணக்கில். மதியம் வீட்டு வேலையோ படிப்போ. மாலை கட்டாயம் வெளியே நடை. ஆறு மணிக்குப் பிறகு வேலை தளங்களைத் திறப்பதில்லை.

மூன்று மணி நேரம் போதுமா என்று கேட்பீர்கள். எட்டு மணி நேரம் வேலை தேடுகிறேன் என்று உட்காருபவர் ஐந்து மணி நேரம் பட்டியலைத் தள்ளிக்கொண்டுதான் இருப்பார், நானும் இருந்தேன். அரைகுறையான எட்டு மணியைவிட முழுசான மூன்று மணி மேல்.

முந்தைய இரவே மறுநாளுக்கு மூன்று வேலை எழுதி வையுங்கள். "வேலை தேட வேண்டும்" என்று எழுதினால் அது நடக்காது. "பழைய மேலாளருக்கு ஃபோன், ரெஸ்யூமே இரண்டாம் பத்தி, காப்பீட்டு அலுவலகத்துக்கு மெயில்" என்று எழுதினால் நடக்கும். செய்ததை அடித்துவிடுங்கள். நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். என் நோட்டில் ஒரு பக்கத்தில் "நடந்தேன்" என்பது மட்டும் அடிக்கப்பட்டிருக்கிறது, அன்று நிராகரிப்பு மெயில் மூன்று வந்திருந்தது. அந்தப் பக்கத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

விடுமுறை நாளில் விடுமுறை எடுங்கள். வாரம் ஏழு நாளும் தேடினால் எல்லா நாளும் ஒரே நாளாகிவிடும்.

7. மனதைத் தனியாக விடாதீர்கள்

வாழ்க்கை நிகழ்வுகள் எவ்வளவு அழுத்தம் தருகின்றன என்று 1967இல் ஹோம்ஸ், ராஹே இருவரும் போட்ட 43 நிகழ்வுகளின் பட்டியலில், வேலையிலிருந்து நீக்கப்படுவது எட்டாம் இடத்தில் இருக்கிறது. துணையின் இறப்புக்கு 100 என்றால் இதற்கு 47. அதனால் அழுகை வந்தால், எரிச்சல் வந்தால், அது உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள்.

எனக்கு உதவியது எழுதுவது. 1994இல் வெளியான ஓர் ஆய்வு, வேலையிழந்த 63 தொழில்முறையாளர்களை வைத்து நடந்தது. வேலை போனதைப் பற்றிய எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் எழுதியவர்களுக்கு, வேறு விஷயங்களை எழுதியவர்களையும் எழுதாதவர்களையும் விட விரைவில் வேலை கிடைத்தது. அதிகம் விண்ணப்பித்ததால் இப்படி ஆகவில்லை, பழைய வேலையையும் புது வேலையையும் பார்க்கும் பார்வை மாறியதே காரணமாக இருக்கலாம் என்கிறது ஆய்வு. செய்முறை: ஐந்து நாள் தொடர்ந்து, தினம் 20 நிமிடம், யாருக்கும் காட்டாமல், பிழை பார்க்காமல். என் மூன்றாம் நாள் பக்கம் முழுக்கக் கோபம்தான். அதை எழுதாமல் அடுத்த வாரம் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தால் அந்தக் கோபம் அங்கே கொட்டியிருக்கும் என்பது நிச்சயம்.

கோபத்தைச் சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள். செட்டில்மெண்ட் வரும் வரை வேண்டவே வேண்டாம்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப்பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், உங்கள் ஊர் உதவி எண்ணை அழையுங்கள்.

8. வேலை தேடல்: அறிவிப்புகளை விட மனிதர்கள்

முதல் மாதம் நான் 140 இடங்களுக்கு ஒரே ரெஸ்யூமேயை அனுப்பினேன். நான்கு பதில் வந்தது, நான்கும் இல்லை என்று. இரண்டாம் மாதம் 22 பேருக்குத் தனித்தனியாக எழுதினேன். ஒன்பது பேர் பேசினார்கள்.

அதிலும் நெருங்கிய நண்பர்களைவிட, ஐந்தாறு வருடம் முன்பு சேர்ந்து வேலை செய்து பிறகு தொடர்பு விட்டுப்போனவர்கள்தான் உதவினார்கள். இது என் அனுபவம் மட்டுமல்ல. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இலேயே இதை எழுதினார், லிங்க்ட்இனில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்வும், அளவாகத் தெரிந்தவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவுகிறார்கள் என்றது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எழுதும்போது வேலை கேட்காதீர்கள், தகவல் கேளுங்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம் சார். பில்லிங் திட்டத்தில் உங்கள் குழுவோடு வேலை செய்தேன், நினைவிருக்கும் என்று நம்புகிறேன். போன மாதம் எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள், இப்போது புது இடம் தேடுகிறேன். உங்கள் துறையில் இப்போது எந்த மாதிரி ஆட்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 15 நிமிடம் பேச முடியுமா? எந்த நேரமானாலும் பரவாயில்லை."

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். உதவியவருக்கு, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், என்ன ஆனது என்று திரும்பச் சொல்லுங்கள்.

ஒரு விரிதாளில் நிறுவனம், தேதி, யார் மூலம், அடுத்து என்ன, எப்போது என்று ஐந்து பத்தி போட்டு வையுங்கள். எந்த ரெஸ்யூமே அனுப்பினீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும், திடீரென்று ஃபோன் வரும்போது தேடித் தவிக்க வேண்டியிருக்காது.

நேர்காணலில் "ஏன் விலகினீர்கள்?" என்பது நிச்சயம் வரும். பதிலை இரண்டு வரியில் எழுதி, சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள். "நிறுவனம் எங்கள் பிரிவை மூடியது, அதில் என் வேலையும் போனது. அங்கே கடைசியாகச் செய்த வேலை இது." அவ்வளவுதான், உடனே வேலையைப் பற்றிப் பேசப் போய்விடுங்கள். கண்ணாடி முன் முதல் தடவை சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பத்தாவது தடவை சாதாரண வாக்கியமாகிவிட்டது.

வேலையிழந்தவர்களைக் குறிவைத்தே நடக்கும் மோசடிகளில் கவனமாக இருங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கான முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை இல்லை. நேர்காணலே இல்லாமல் வரும் நியமனக் கடிதம், இலவச மெயில் முகவரியிலிருந்து வரும் கடிதம், சாட்டில் மட்டுமே பேசுகிறவர், எல்லாம் அதே வகை. அடையாள அட்டை நகலையும் வங்கி விவரத்தையும் நியமனக் கடிதம் உண்மை என்று உறுதியான பிறகே கொடுங்கள்.

9. படிப்பு: ஒன்று மட்டும்

பத்து வேலை அறிவிப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் கேட்கிற, உங்களிடம் இல்லாத ஒன்று தெரியும். அதை மட்டும் படியுங்கள், ஆறு வாரத்துக்குள் அதை வைத்து காட்டக்கூடிய ஏதாவது ஒன்று செய்யுங்கள். சேமிப்பிலிருந்து பெரும் தொகை கொடுத்து, வேலை உத்தரவாதம் என்று சொல்லும் பயிற்சியில் முதல் இரண்டு மாதத்தில் சேராதீர்கள். அப்போது நாம் பயத்தில் வாங்குவோம்.

10. இடைக்கால வேலை வந்தால்

எடுத்துக்கொள்ளுங்கள், அதில் குறைவொன்றுமில்லை. மூன்றே விஷயம் பாருங்கள். பழைய ஒப்பந்தம் அதைத் தடுக்கிறதா, அரசு உதவித்தொகை வாங்கினால் இந்த வருமானத்தைத் தெரிவிக்க வேண்டுமா, வரி யார் கட்டுவது. என்ன வேலை, எவ்வளவு தொகை, எப்போது தருவார்கள் என்பதை ஒரு மெயிலிலாவது எழுதி ஒப்புக்கொள்ள வையுங்கள், ஒரு பகுதியை முன்பணமாகக் கேளுங்கள். தெரிந்தவர் என்றாலும் கேளுங்கள்.

11. 30, 60, 90

முப்பதாம் நாள், காகிதங்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பாருங்கள், வராதவற்றுக்கு அடுத்த நிலை அதிகாரிக்கு எழுதுங்கள். அறுபதாம் நாள், விரிதாளைப் பாருங்கள். விண்ணப்பம் போகிறது, அழைப்பு வரவில்லை என்றால் ரெஸ்யூமேயில் கோளாறு. அழைப்பு வருகிறது, முதல் சுற்றோடு நிற்கிறது என்றால் பேச்சில் கோளாறு, ஒரு நண்பரை வைத்து ஒத்திகை பாருங்கள். தொண்ணூறாம் நாள், கணக்குத் தாளைத் திரும்ப எடுத்து, சம்பளம், ஊர், பதவி மூன்றில் எதை விட்டுக்கொடுக்க முடியும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். விட்டுக்கொடுக்க முடியாதது எது என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்.

எனக்கு வேலை கிடைத்தது ஐந்தாம் மாதம். வாய்மொழியாகச் சரி என்றதும் மற்ற இடங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், கையெழுத்தான கடிதம் வரும் வரை எல்லாவற்றையும் நடக்க விடுங்கள். உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் சேரும் தேதியைத் தெரிவியுங்கள். புது இடத்தில் முதல் சம்பளச் சீட்டு வந்த அன்று மாலையே அதை என் சொந்தச் சேமிப்பில், பழைய கடிதங்கள் இருக்கும் அதே கோப்பில் போட்டேன். இப்போது ஒவ்வொரு மாதமும் சம்பள நாளில் 8.45க்கு அந்த அலாரம் அதற்காக அடிக்கிறது.